தரையை விடாத விரல்கள்

மழை வலுத்துவிட்டது, ஆள் வராது, ஆள் வராவிட்டால் என்னை எழுப்புவார்கள். அஸர் தொழுகை முடிந்து இந்தத் தூணோரம் வந்து உட்கார்ந்ததிலிருந்து மனதில் இவ்வளவுதான் ஓடுகிறது, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. வாசலில் செருப்புகளைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, குறைவு. சின்ன ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இன்று வர மாட்டார்கள். வலது கையைச் சால்வைக்குள் விட்டுத் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எடை வைத்தால் அடங்கும், அல்லது அடங்கியதைப் போலத் தொடைக்குத் தோன்றும். ஊருக்கு வந்த நாளாக வியாழன் தவறாமல் தைக்காவுக்கு வருகிறேன், ஓதுகிற வரைக்கும் உட்கார்ந்து ஓதுகிறேன், எல்லோரும் எழுந்து கைகோத்து வட்டமாக நின்று, இறைவன் பேரைச் சொல்லி ஆடுகிற ஹள்ரா தொடங்கும்போது மட்டும் தூணோரம் ஒதுங்கிவிடுகிறேன். முட்டி சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. முட்டிவலி ஒரு கௌரவமான வலி, நாற்பத்தெட்டு வயதில் பிரான்சிலிருந்து திரும்பியவனுக்கு முட்டி வலித்தால் குளிரில் தேய்ந்திருக்கும் என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கை நடுங்குகிறது என்றால் காரணம் கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டும், இன்னொரு பொய்க்கு இடமில்லை, முட்டியே நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பாரிசில் அந்த டாக்டரம்மா பார்க்கின்சன் என்ற சொல்லை மேசைமேல் ஒரு கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல மெதுவாக வைத்தாள், ஆரம்பம்தான் என்றாள், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்றாள். மொழிபெயர்ப்பு என்றேன். அப்படியா, கைவேலை இல்லையே, நல்லது என்றாள். அதற்கு நான் நன்றி சொன்னேன். ஏன் நன்றி சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவள் அங்கே பள்ளிக்கூட வேலையை முடித்துக்கொண்டு கோடையில் வருவாள், உங்க லாத்தாகிட்டயாவது சொல்லிடுங்க என்று போன் வைக்கும்போதெல்லாம் சொல்கிறாள். லாத்தாவிடம், என் அக்காவிடம்தான் சொல்ல முடியாது. லாத்தாவின் மகள் ருமைசாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளையின் வாப்பா இபுராம்சா ஹாஜியார் அதோ, எதிர்ச் சுவரோரம், தொப்பியிலிருந்து மழைநீரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசும்போது நகையும் வீடும் இரண்டாவது பேச்சு. முதல் பேச்சு, குரலைத் தணித்து, ரத்தத்துல ஏதும் உண்டா? எங்கள் தெருவிலேயே, பெண்ணுடைய மாமனுக்கு வலிப்பு என்று காதில் விழுந்து, பத்திரிகை அடித்த பிறகு நின்ற கல்யாணம் இருக்கிறது. அந்தப் பெண்ணை இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் ஜனங்கள் மாமனைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் ருமைசாவுக்கு மாமன்.

“என்னா ஜபரு, பிரான்ஸ் முட்டிக்கு எங்க ஊரு ஹள்ரா ஒத்துக்கலியா?” பரக்கத் மச்சான், லாத்தாவின் கணவர், வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ஜபருல்லா என்று முழுசாக என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள். மச்சானுக்கு ஐஸ் கம்பெனி, மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போகிறது, அவர் மேல் எப்போதும் ஒரு மெல்லிய குளிரும் அமோனியா வாசமும் இருக்கும். “முட்டி வலிச்சா சைகோன் ஆளா ஆயிடு, உங்க பரம்பரைதானே” என்றார். என் வாப்பாவின் வாப்பாவைச் சொல்கிறார். அவர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார், கடை மாடியில்தான் அங்கிருந்த எங்கள் ஊர்க் காரைக்கால்காரர்கள் வியாழக்கிழமை கூடுவார்கள், தலைக்குமேல் விட்டத்தில் துணிப் பேல்கள் அடுக்கியிருக்கும், எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் உட்கார்ந்தபடியே கைகோத்துக்கொண்டு ஆடினார்கள். கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்த பிறகும் அவர் எழுந்து நிற்கவில்லை, இங்கே தலைக்குமேல் ஒன்றுமே இல்லை, ஆனாலும் சாகிற வரைக்கும் வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தே ஆடினாராம். மரியாதையா, பழக்கமா, அந்தப் பேல்கள் கடைசிவரை அவர் தலைக்குமேல் இருந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்படி உட்கார்ந்துவிடலாம், ஆனால் உட்கார்ந்தாலும் கைகோக்க வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாம் மாறியிருக்கிறது, தரை, கூரை, பாட்டின் மெட்டு, குனிகிற விதம். மொரோக்கோக்காரர்கள் முட்டியை மடக்கி எம்புவார்கள், எங்கள் ஆட்கள் இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து பின்னே வருவார்கள், கரையில் நின்று வலை இழுப்பதைப் போல, அரபிப் பாட்டின் கடைசி எழுத்தைக்கூட ஏலேலோவின் நீளத்துக்கு இழுப்பார்கள். கைகோப்பது மட்டும் எங்கும் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மச்சான் சுவரில் சாய்ந்து மழையைப் பார்க்கிறார், அவர் கால்விரல்கள் தரையிலேயே ஊன்றியிருக்கின்றன, குதிகால் மட்டும் ஏறி இறங்குகிறது. இந்தக் குதிகாலைப் பற்றி நான் பாரிசில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அக்கரையிலிருந்து வந்து எங்களுக்கு ஹள்ராவைக் கற்றுக்கொடுத்த ஷெய்கு குதித்துத்தான் காட்டினாராம், இரண்டு காலும் தரையை விட்டு. அப்போது தைக்காவுக்கு மாடி, மாடிக்குப் பர்மாத் தேக்குப் பலகை, கீழே அடுப்படி. ஒரு வியாழன் பலகை உடைந்து ஒருவருடைய கால் கீழே இறங்கி, கொதிக்கிற கஞ்சி அண்டாவுக்கு நேர் மேலே தொங்கியது. “கஞ்சில விழல. விழுந்திருந்தா அன்னைக்கிக் கஞ்சிக்கு ருசி கூடியிருக்கும்” என்பது மச்சான் சேர்த்துக்கொண்டது. மறுவாரத்திலிருந்து விரல்கள் தரையை விடக்கூடாது, குதிகால் மட்டும் எழலாம் என்று ஆயிற்று. பலகை போய் மாடியே போய் இப்போது தரைத்தளத்தில் மொசைக் போட்டாயிற்று, யானை குதித்தாலும் தாங்கும், ஆனால் விரல் தரையை விட்டால் ஹள்ராவை நடத்துகிற கலீபா நூஹு ஹஜ்ரத் பார்வையாலேயே ஆளை அமர்த்திவிடுவார், அதபு, மரியாதை இல்லாத செயல், பெரியவர்கள் காட்டித்தராத செயல். நான் சிரித்துக்கொண்டே இதைப் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் சொன்னேன், புவாலம் சிரிக்கவில்லை. பஸ் ஓட்டி ரிட்டையரான அல்ஜீரியக்காரர், அவருடைய நான்காம் மாடி வீட்டில்தான் நாங்கள் கூடுவோம், அல்ஜீரியர்கள், செனெகல்காரர் ஒருவர், இஸ்லாத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர், நான். கீழ்வீட்டு மதாம் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாள். முதலில் கம்பளம் போட்டோம், பிறகு குதிப்பதை விட்டோம், பிறகும் தட்டினாள், மூச்சின் சத்தம்தான் கேட்கிறது, ராத்திரியில் ரம்பம் அறுப்பதைப் போல என்று படியில் என்னை நிறுத்திச் சொன்னாள். மூச்சையும் சத்தமில்லாமல் விடப் பழகினோம். அறைக்குள் அத்தனை பேர் குனிந்து நிமிர்வோம், சட்டைகள் உரசுகிற ஓசை மட்டும் இருக்கும். அவள் தென்பக்கம் மகளோடு போய்விட்டாள், அந்த வீடு வெகுநாள் காலியாகக் கிடந்தது, நாங்கள் சத்தத்தைத் திரும்ப எடுக்கவில்லை. புதிதாக வந்த ஒருவன் வாய்விட்டு ஹய் என்று இறைவன் பேரைச் சொன்னபோது புவாலம் உதட்டில் விரல் வைத்தார், இங்கே மௌனம்தான் வழி என்றார். அந்த விரல், அந்த உதடு, நான் சிரித்த கஞ்சி அண்டா, எல்லாம் ஒன்றாகிப் போயிற்று, அதற்குப் பிறகு குதிகால் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த மௌனத்தில்தான் புவாலம் முதலில் கண்டுபிடித்தார். முடிந்ததும் என் கையை விடாமல் திருப்பிப் பார்த்தார், குளிரா என்றார், இல்லை என்றேன், டாக்டரைப் பார் என்றார், தேத்தண்ணி ஊற்றினார். அந்த நாட்டில் கை ஆடினால் டாக்டர். வேறு ஒன்றும் யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் இந்த ஊரில்.

இந்த ஊரில் கை ஆடினால் என்ன என்று யோசிக்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் மனது ஒரு படியில் தடுக்குகிறது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அந்தப் படி மச்சானுடைய வாப்பா, செய்யது மரைக்கார். சின்ன வயதில் நான் இதே தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர். ஹள்ரா முடியும், கைகள் விடும், எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், அவருடைய கை மட்டும் நிற்காது. வட்டம் ஓய்ந்தாலும் அவருக்குள் திக்ரு ஓயவில்லை என்பார்கள். ஹால் இறங்கியிருக்கிறது, இறைவனின் பிடி விழுந்திருக்கிறது என்பார்கள். பெண்கள் கிளாசில் தண்ணீர் கொடுத்தனுப்புவார்கள், அவர் ஓதி ஊதித் தருவார், தண்ணீர் தளும்பித் தளும்பி வரும், தளும்பியதைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பாரிசில் ஒரு பிரெஞ்சுக்காரி, பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் படிக்கிறவள், உங்கள் ஊரில் இப்போதும் உண்மையான ஹால் உண்டா என்று கேட்டபோது இந்த மனிதரைத்தான் சொன்னேன், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன், அவள் எழுதிக்கொண்டாள். அந்தக் கை எப்படி ஆடியது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, மாத்திரை உருட்டுவதைப் போல. இல்லை, தஸ்பீஹ் மணி உருட்டுவதைப் போல. அப்படித்தான் சொன்னார்கள், கையில் மணி இல்லாமலே தஸ்பீஹ் ஓடுகிறது என்று. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தொடைக்கு அடியில் என் கட்டைவிரல் என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டாம். மழை. செருப்பு. ஆள் குறைவு.

“ஜபருல்லா, எழும்பி வாங்க” என்றார் நூஹு ஹஜ்ரத். “முட்டி ஹஜ்ரத்” என்றேன். “மெல்ல ஆடுங்க போதும். ஆள் பத்தல, வட்டம் வளைய மாட்டேங்குது.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இபுராம்சா ஹாஜியாரும், சம்பந்தி வீட்டுச் சிரிப்போடு. எழுந்தேன். எழும்போதே கணக்குப் போட்டுவிட்டேன், வலது கை மச்சானுக்குத்தான் போக வேண்டும், ஐஸ் பாறையை இழுத்து இழுத்து மரத்துப்போன உள்ளங்கை, சிகரெட் நெருப்பு பட்டாலே தாமதமாகத்தான் தெரியும் என்று அவரே சொல்வார். நகர்ந்து அவருக்கு இடப்பக்கம் நின்றேன், விரல்களைக் கோத்தார், மரப்பலகையைப் பிடித்ததைப் போல இருந்தது, நிம்மதி. இடது கையைத் தபால் ஆபீஸ்காரர் பிடித்தார், அது நல்ல கை, யாருக்கும் தரலாம். ஹாஜியார் நேர் எதிரே. நடுவில் இரண்டு பேர் பாட்டைத் தூக்கினார்கள், வட்டம் முன்னே சாய்ந்தது, பின்னே வந்தது. என் மூச்சு மட்டும் சார்செல்லில் இருந்தது. கீழ்வீட்டு மதாமின் கதையை மச்சானிடம் சொல்லியிருக்கிறேன், அவர் என் பக்கம் தலையைச் சாய்த்து, “சத்தம் விடு ஜபரு, இங்க கீழ்வீட்டுல யாரும் இல்ல” என்றார். விட்டேன். ஹய். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு, எனக்கே அந்நியமான குரல், மறுபடி ஹய், குதிகால் எழுந்தது, விரல்கள் மொசைக்கின் குளிரைப் பிடித்துக்கொண்டன. ஹஜ்ரத் உள்ளே நடந்தபடி கையைத் தட்டி வேகத்தைக் கூட்டினார். அப்போதுதான் கவனித்தேன், கையைக் காணோம். அதாவது ஆட்டத்தைக் காணோம். அசைகிறபோது அடங்கும், ஓய்வில்தான் வரும் என்று டாக்டரம்மா சொன்னதுதான், புதிது ஒன்றுமில்லை, இதில் இறைவனுடைய வேலை எவ்வளவு நரம்புடைய வேலை எவ்வளவு என்று பிரிக்கிற ஆசையும் எனக்கில்லை. ஆனாலும் எல்லோருடைய கையும் ஆடுகிறது, என் கை அவற்றில் ஒன்று, தனியாக அது எதையும் சொல்லவில்லை. இத்தனை நாள் இதைவிட்டு எதற்காகத் தூணோரம் ஒளிந்தேன்? அப்படி நினைத்த அதே மூச்சில் அடுத்ததும் வந்தது, இது நிற்கும். ஹஜ்ரத் கையை உயர்த்துவார், எல்லோரும் சட்டென்று நிற்பார்கள், கைகள் விடும், குர்ஆன் ஓதுவார்கள், ஒரு துரும்பும் அசையாது. பயம் ஆட்டத்தில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. முழு வட்டத்திலும் இந்த ஹள்ரா முடியக்கூடாது என்று கேட்டுக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பக்தியாகத் தெரிந்திருக்கும். சால்வை தூணோரம் கிடந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டலாமா, நெஞ்சில் கட்டலாமா, மச்சானுடைய கையை விடாமலே நிற்கலாமா, ஹய், ஹய், ஹாஜியாருடைய தாடி முன்னே வந்து பின்னே போகிறது, ருமைசா நேற்று எனக்கு ஆப்பம் வைத்தாள், மாமா இன்னொன்னு என்றாள், ஹய், ஹஜ்ரத்தின் கை உயர்ந்துவிட்டது.

நின்றோம். விரல்கள் பிரிந்தன. ஓத ஆரம்பித்தார்கள். கையைச் சட்டையோடு அழுத்தினேன், அழுத்தியதும் சட்டையும் சேர்ந்து ஆடியது. அந்த அமைதியில், மழைச் சத்தத்துக்கு நடுவில், என் கை ஒன்றுதான் தொடர்ந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், உருட்டி உருட்டி. கண்ணை மூடிக்கொண்டால் மற்றவர்களுக்கும் தெரியாது என்பதைப் போல மூடிக்கொண்டேன். துஆ முடிந்து ஆமீன் என்றார்கள். திறந்தபோது ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அல்ல. அவருடைய புருவம் சுருங்க ஆரம்பித்தது, அது முழுசாகச் சுருங்குவதற்குள் என் பக்கத்திலிருந்து மச்சானுடைய குரல், தைக்காவே அதிர, “சுப்ஹானல்லாஹ்! ஹால்! பாருங்க ஹஜ்ரத், ஹள்ரா முடிஞ்சும் புள்ளைக்கு ஓயல!” யாரோ அல்லாஹு அக்பர் என்றார்கள். தபால் ஆபீஸ்காரர் என் தோளைத் தாங்கிக்கொண்டார், நான் விழப்போவதைப் போல. ஹஜ்ரத் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இபுராம்சா ஹாஜியார் வட்டத்தைக் கடந்து வந்து என் வலது கையை இரண்டு கையாலும் எடுத்தார், குனிந்து முத்தமிட்டார், தாடி குத்தியது. “செய்யது மரைக்காருக்குப் பிறகு இன்னைக்கித்தான் பார்க்கிறேன். எங்க வீட்டுக்கு அல்லாஹ் நல்ல சம்பந்தம் கொடுத்திருக்கான்” என்றார். “ஹாஜியார், இது ஹால் இல்ல. நோய். நரம்பு சம்பந்தப்பட்டது, டாக்டர் பார்த்திருக்காங்க” என்றேன். சொல்லிவிட்டேன், என் காதில் விழுந்தது, தமிழில் முதல் தடவையாக. ஹாஜியாருடைய கண் கலங்கிவிட்டது. “இப்படித்தான் சொல்வாஹ. இறைவன் கொடுத்தத மறைக்கிறவங்க இப்படித்தான் சொல்வாஹ” என்று சுற்றிலும் பார்த்துச் சொன்னார், மறுபடி முத்தமிட்டார். இனிப்புச் சீரணித் தட்டு வந்தது, பூந்தியை எனக்குத்தான் முதலில் நீட்டினார்கள். இடது கையால் வாங்கக்கூடாது என்பதால் வலது கையால் வாங்கினேன், பாதி கீழே உதிர்ந்தது, உதிர்ந்ததை மூன்று பேர் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். உண்மை சொன்னால் முடிந்துவிடும் என்று இத்தனை வாரம் பயந்தது எவ்வளவு வீண். உண்மைக்கும் இங்கே ஒரு தரை இருக்கிறது, அது தாங்குகிற அளவுக்குத்தான் குதிக்கலாம் போல.

மஃரிபு தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. மச்சான் வீட்டுக்குப் போய் உடை மாற்றி வரலாம் என்றார். வாசலில் செருப்புகள் தண்ணீரில் மிதந்தன, என்னுடையதைக் குனிந்து எடுத்து அவரே கால்பக்கம் போட்டார். தெருவில் முழங்காலளவு. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “எந்த டாக்டர்?” என்றார். பிறகு அவரே, “மாத்திரை அங்கேர்ந்து வருதா, இங்கயே கெடைக்குதா?” “உங்க உள்ளங்கைதான் மரத்துப்போச்சே மச்சான்” என்றேன். “மரத்தது உள்ளங்கை. விரல் இல்லையே. நீ வந்து எறங்குன அன்னைக்கி கை குடுத்து முஸாபஹா செஞ்சியே, அன்னைக்கே தெரியும். எங்க வாப்பாவுக்கு டம்ளரப் பிடிச்ச என் விரல் இது.” தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் குடம் போய்க்கொண்டிருந்தது, இருவரும் அது போகிற வரைக்கும் பார்த்தோம். “வாப்பாவுக்குத் தெரியுமா, நோயின்னு?” “தெரியாம? தஞ்சாவூர்ல காட்டுனோம். மாத்திரை வாங்கிட்டு வந்தோம். அதுக்குள்ள ஊருல ஹால்னு சொல்லிட்டாஹ. வாப்பா மாத்திரையும் சாப்பிட்டாஹ, ஹாலையும் வச்சிக்கிட்டாஹ.” அந்தப் பிரெஞ்சுக்காரி எழுதிக்கொண்டது இப்போது ஏதாவது நூலகத்தில் இருக்கும். “ஹாஜியாருக்குச் சொல்லணும் மச்சான்.” “சொன்னியே.” “அவர் நம்பல.” மச்சான் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “நிக்காஹ்வுக்கு முந்தி நானே போய்ச் சொல்றேன், எங்க வாப்பாவையும் சேத்து. எம் மகளுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, மறைச்சி அனுப்ப மாட்டேன். முறிஞ்சா முறியட்டும். இன்னைக்கி வேணாம், மனுஷன் எவ்வளவு சந்தோஷமா பூந்தி சாப்பிட்டாஹ” என்றார். சொல்வாரா மாட்டாரா என்பது குரலில் தெரியவில்லை. தைக்காவில் கத்திய குரலும் இதே குரல்தான். சாக்கடை எங்கே தெரு எங்கே என்று தெரியாத முனையில் நின்றோம். “கையக் குடு” என்றார். கொடுத்தேன். விரல்களைக் கோத்துக்கொண்டார், வட்டத்தில் கோத்ததைப் போலவே. பாரிசில் இரண்டு ஆம்பிளைகள் இப்படிக் கைகோத்து நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், இங்கே யாரும் பார்ப்பதில்லை, பெட்டிக்கடைக்காரர் சலாம் சொன்னார், மச்சான் பதில் சொன்னார். மெல்ல, விரல்களால் தரையைத் தேடித் தேடிக் காலை வைத்தோம். ஓய்ந்திருந்த கை ஆட ஆரம்பித்தது, அவருடைய கையையும் சேர்த்து ஆட்டியது. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை, தன் கையைக் கொஞ்சம் வீசி நடந்தார். தூரத்திலிருந்து பார்த்தால், யாருடைய கை யாரை ஆட்டுகிறது என்று சொல்ல முடியாது.